புஷ்புஷ் கொட்டகையில் ஓடிய மோட்டார்

அகஸ்டினாவின் வலது தோள் முதல் முறை கழன்றது 1934ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில். நான் ஆசுபத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அருளானந்தம் கையில் பிடித்த உளியோடு வந்து வாசலில் நின்றார்.

"நர்சம்மா, அவ கை தொங்குது. கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். மரச்சுருள் குவியலுக்கு நடுவே அகஸ்டினா உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் அழவில்லை. தோளின் உருண்டை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, அக்குளில் துணியைச் சுருட்டி வைத்து, அதன்மேல் என் குதிகாலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். இந்த வேலையில் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. இழுத்தபடியே தசை தளரும்வரை காத்திருக்க வேண்டும். மூட்டு உள்ளே போன சத்தம் கேட்டதும் அருளானந்தம்தான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். அவள் கையை மார்போடு சேர்த்துக் கட்டி, ஒரு மாதத்துக்குக் கயிற்றைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். அடுத்த வாரமே எதிர்வீட்டிலிருந்து கயிற்றுச் சத்தம் கேட்டது.

கயிறு என்பது கடைசல் கயிறு. கட்டில் காலோ தொட்டில் காலோ கடைவதற்கு, இரண்டு குத்துக்கட்டைகளின் இரும்பு மூக்குகளுக்கு நடுவே மரத்தைப் பொருத்துவார்கள். மரத்தின்மேல் கயிற்றைச் சுற்றி, அதன் இரண்டு முனைகளையும் எதிரே உட்கார்ந்திருப்பவர் மாற்றி மாற்றி இழுக்க வேண்டும். மரம் ஒரு தடவை இப்படியும் ஒரு தடவை அப்படியும் உருளும். கடைபவர் தரையில் உட்கார்ந்து, உளியின் தண்டைக் கையில் பிடித்து, அதன் முனையைக் கால் விரலால் நிதானப்படுத்திக்கொள்வார். மரம் தன் பக்கம் உருளும்போது உளியைக் கொடுப்பார், திரும்பி ஓடும்போது ஒரு நூல் அளவு பின்னுக்கு எடுப்பார். கொடுத்து எடுத்து, கொடுத்து எடுத்து, நாள் முழுக்க இதுதான். அருளானந்தம் அப்பா காலத்திலிருந்து அப்படிக் கடைந்தவர். அவருக்கு எதிரே உட்கார்ந்து கயிறு இழுத்தவள் அகஸ்டினா.

அவள் அந்த இடத்துக்கு வந்ததே ஒரு தகராறில்தான். அருளானந்தத்தின் அண்ணன் சகாயநாதனுக்குப் பெரிய பட்டறை இருந்தது. கயிறு இழுக்க ஆட்கள், மரம் அறுக்க ஆட்கள் என்று எப்போதும் கூட்டம் இருக்கும். தம்பி அங்கே வேலை செய்தார். அகஸ்டினா ஓர்ப்படியோடு சமையலறையில் இருந்தாள். புருஷனின் அண்ணனான மச்சாண்டார் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும், எதிரே உட்காரக் கூடாது, நேரே பேசவும் கூடாது. எதையாவது கேட்பதென்றால் புருஷனையோ சுவரையோ பார்த்துத்தான் கேட்க வேண்டும். அவள் இதற்கெல்லாம் வருத்தப்பட்டவள் இல்லை. மரியாதை என்று பழகியிருந்தாள். அவளுக்குப் பிடிக்காதது வேறு. ஒருநாள் பட்டறையை எட்டிப் பார்த்ததற்கு, பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று மச்சாண்டார் சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டார். அந்த வருஷமே அவள் புருஷனைப் பிய்த்துக்கொண்டு தனியாக வந்துவிட்டாள்.

வந்த இடம் எங்கள் தெருவில் ஒரு புஷ்புஷ் கொட்டகை. வீட்டுச் சொந்தக்காரர் முன்பு புஷ்புஷ் வண்டி வைத்திருந்தார். உட்கார்ந்திருப்பவர் கைப்பிடியைத் திருப்ப, ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற வண்டி. அவர் மோட்டார் வண்டி வாங்கி வேறு இடம் கட்டிக்கொண்டதும், கொட்டகையையும் அதன் பின்னால் இருந்த ஓர் அறையையும் இவர்களுக்கு விட்டார். பழைய வண்டி சக்கரமில்லாமல் ஒரு மூலையில் கிடந்தது. கூலிக்கு ஆள் வைக்க வழியில்லாததால் அகஸ்டினா கயிற்றைப் பிடித்தாள். கயிற்றைப் பிடித்தபிறகு விடவில்லை. சமையலறையை விட்டு இதில் என்னடி கண்டாய் என்று நான் கேட்டதற்கு, "அடுப்பாண்ட எதுவும் சுத்தாதுக்கா" என்று சொன்னாள்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் தோள் மறுபடி கழன்றது. இந்தத் தடவை உள்ளே போக நேரமெடுத்தது. கட்டிவிட்டு இரண்டு பேரையும் உட்காரவைத்து நேராகச் சொன்னேன். ஒரு மூட்டு இப்படிக் கழன்று பழகிவிட்டால், பிறகு கொடியில் துணி போடும்போதுகூடக் கழலும். இனி இந்தக் கை கயிறு இழுக்கக் கூடாது. எப்போதும் கூடாது. இழுத்தால் அவளுக்குக் கை இல்லை.

அருளானந்தம் தலையைக் குனிந்துகொண்டார். அகஸ்டினா என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் இழுக்கலன்னா பட்டறை இல்ல. பட்டறை இல்லன்னா மச்சாண்டார் வூட்டு அடுப்பு. அதுக்கு என்ன கட்டு போடுவீங்க நர்சக்கா?"

கட்டை இறுக்கி முடிந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் குருசுக்குப்பத்திலிருந்து வேலை வந்தது. அங்கே மீனவர்களின் சின்னக் கோவிலில், பூசையில் சாமியார் கையிலிருந்து நன்மை அப்பம் வாங்கும்போது முழங்காலில் நிற்பவர்கள் கை வைத்துக்கொள்ளும் கிராதி இற்றுப்போயிருந்தது. புதிதாகத் தேக்கில் செய்ய வேண்டும். கடைந்த கால்கள் வரிசையாக வந்து, மேலே ஒரு பலகை ஓடும். கோவில் பெரியவர் அமலநாதன் நேரே வந்து சொன்னார். ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாளுக்கு முன்னால் பொருத்தியாக வேண்டும். எல்லாக் காலும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அவருடைய கவலை இன்னொன்று. "எங்க சனம் கை வெச்சிக் கும்புடற எடம். சிராய் குத்தினா சாமியாரத் திட்டமாட்டாங்க, என்னத்தான் திட்டுவாங்க" என்றார். அருளானந்தம் ஒப்புக்கொண்டார். இந்த மாதிரி வேலை அவர் பட்டறைக்கு அதுவரை வந்ததில்லை. இதை ஒழுங்காக முடித்தால் தனிப்பட்டறை நிற்கும். முடிக்காவிட்டால் வேலை அண்ணன் கைக்குப் போகும், பின்னாலேயே தம்பியும் போக வேண்டியிருக்கும். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும்.

முதலில் ஆள் வைத்துப் பார்த்தார்கள். மண்ணாங்கட்டி என்று ஒருவன், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், நல்ல பலசாலி. அவன் கயிற்றைப் பிடித்ததும் தோணியைக் கரைக்கு இழுப்பது போல இழுத்தான். மரம் மூக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் வீட்டுக்காரரின் பழைய வண்டியில் மோதியது. மெதுவாக இழு என்றால் தூங்குவது போல இழுத்தான். "மூட்டன்னா ஒரு தடவ தூக்கினா போச்சி. இத எத்தினி தடவதான் இழுக்கறது?" என்று கேட்டுவிட்டு மத்தியானமே போய்விட்டான்.

சகாயநாதனுக்குச் செய்தி போயிற்று. அவர் நேரில் வரவில்லை. ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: கை போன பொம்பளையை வைத்துக்கொண்டு தனிப்பட்டறை எதற்கு, கிராதி வேலையோடு நீயும் வந்துவிடு, பழைய இடம் காலியாகத்தான் இருக்கிறது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தம்பி பட்டினி கிடப்பானே என்று சொன்னார். அதனால்தான் அதை மறுப்பது கஷ்டமாக இருந்தது.

மோட்டார் யோசனை பலராமனுடையது. மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்தவன், எங்கள் தெருக்கோடியில் குடியிருந்தான். மில்லில் ஓர் ஆள்கூட இழுக்காமல் எத்தனையோ சக்கரம் சுற்றுகிறது, இந்த ஒரு கட்டையைச் சுற்ற முடியாதா என்றான். தெருவுக்குக் கரண்டு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, ஆனால் விளக்குக்கு மேல் யாரும் அதை உபயோகப்படுத்தவில்லை. சோடா கம்பெனி கலியமூர்த்தி பெரிய மோட்டார் வாங்கியதில் சின்னது சும்மா கிடந்தது. அவர் காசு கேட்கவில்லை. தை மாதம் மகள் கல்யாணத்துக்குக் கடைசல் கால் வைத்த கட்டில் ஒன்று செய்துகொடுத்தால் போதும் என்றார். பலராமன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை செய்தான். தேய்ந்துபோன இரும்புத் தண்டு, அதைத் தாங்க இரண்டு கட்டைகள், ஒரு சக்கரம், மோட்டாரிலிருந்து அதற்கு ஒரு தோல் பெல்ட். மரத்தைப் பிடிக்க மூன்று பல் வைத்த ஒரு முனை. எல்லாவற்றையும் இடுப்பு உயர மேசைமேல் பொருத்திச் சுவிட்சைப் போட்டான். மரம் சுற்றியது. இப்படியும் அப்படியும் இல்லை, ஒரே பக்கமாக, நிற்காமல். தெருவே வந்து பார்த்தது. அகஸ்டினா கட்டிய கையோடு பக்கத்தில் போய் நின்றுகொண்டு வெகுநேரம் அதையே பார்த்தாள்.

ஆனால் அருளானந்தம் நின்றுகொண்டு வேலை செய்தவர் இல்லை. பிறந்ததிலிருந்து தரையில் உட்கார்ந்து, கால் விரலால் உளியைப் பிடித்தவர். நிற்கவைத்ததும் அவர் உடம்புக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கால் கட்டைவிரல் செருப்புக்குள் துடித்துக்கொண்டே இருந்தது. முதல் நாள் சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னிடம் எண்ணெய் கேட்க வந்தார்.

மறுநாள் அவர் ஒரு முடிவெடுத்தார். தான் நிற்க முடியாதென்றால் மெஷின் கீழே இறங்கட்டும். கொட்டகைத் தரையில் பள்ளம் வெட்டி, மேசையை அதற்குள் இறக்கிவிட்டால், சுற்றுகிற மரம் தரைமட்டத்துக்கு வந்துவிடும், தான் வழக்கம்போல உட்காரலாம். யோசனை சரிதான், ஊர்தான் சரியில்லை. கடலோரத்தில் இருக்கும் நம்ம ஊர் மண்ணில் இடுப்பளவு தோண்டினால் தண்ணீர் வரும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவர் மோட்டார் ஆசையில் அதை மறந்துவிட்டார். பள்ளம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது அதில் தண்ணீர் நின்றது. பலராமன் எட்டிப் பார்த்து, கடைசல் பட்டறை வைக்கிறீர்களா மீன் வளர்க்கிறீர்களா என்று கேட்டான்.

பள்ளத்தை மூடச் சொன்னவள் அகஸ்டினா.

"மிஷின எதுக்கு எறக்கணும்? நீங்க ஏறி ஒக்காருங்க."

புஷ்புஷ் வண்டியின் பலகைகளை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கினாள். மேசையைச் சுற்றி, அதன் உயரத்துக்குச் சரியாக ஒரு மேடை அடித்தார்கள். ஆள் ஏறி அதில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் சுற்றுகிற மரம் மடிக்கு எதிரே இருக்கும், கால் விரல் உளிக்கு எட்டும். கொட்டகைக்குள் நுழைபவர் கடைசல்காரரை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஆசுபத்திரியில் உயரமான கட்டில்கள் வந்தபோது நாங்களும் இதையேதான் செய்தோம், நர்சுகள் நிற்கப் பலகை போட்டோம். பலராமன்கூட மேடையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

அருளானந்தம் ஏறி உட்கார்ந்தார். தேக்கை மாட்டினார். முதல் கிராதிக் காலைக் கடைந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

கால் முழுக்க மேடும் பள்ளமுமாக இருந்தது. மெல்லிய கோடுகள், ஒரே இடைவெளியில், அலை வற்றிப்போன கடற்கரை மணலில் விழுந்த தடம் போல. அடுத்ததும் அப்படித்தான் வந்தது, அதற்கு அடுத்ததும். பெல்ட் துள்ளுகிறது என்றார். பலராமன் மேடையில் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்து மோட்டாரை ஓட்டிக் காட்டினான். தண்ணீர் ஆடவில்லை. உளியைத் தீட்டினார். மரம் பச்சை என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். மேடு போகும்வரை தேய்த்தால் ஒரு கால் பருமனாகவும் ஒரு கால் ஒல்லியாகவும் வந்தது. ஒரு வாரம் இப்படியே போனது. அவர் சாப்பாட்டைக் குறைத்தார். கோவில் பெரியவர் அமலநாதன் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, திருநாளுக்கு மீதி நாளை விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனார். அவர் எண்ணியதுதான் அருளானந்தத்துக்குத் தாங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் நான் அகஸ்டினாவின் கட்டை மாற்றப் போயிருந்தேன். அவள் மெஷினுக்கு அந்தப் பக்கம், தன் பழைய இடத்தில், ஆனால் ஒரு முக்காலிமேல் உட்கார்ந்திருந்தாள். இழுக்கக் கயிறு இல்லாவிட்டாலும் வேறெங்கே உட்காருவதென்று அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் கடைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுக்குள் இருந்த அவள் விரல்கள் மூடியும் திறந்தும் இருந்ததைப் பார்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். அவள் தன் விரல்களைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள்.

"நிறுத்துங்க" என்றாள். அவர் சுவிட்சை அணைத்தார்.

"உங்க கை இன்னும் எனக்காக நிக்குது."

அவருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவள் எழுந்துவந்து காட்டினாள். மரம் நிற்காமல் ஒரே பக்கம் சுற்றுகிறது. ஆனால் அவர் கை, அவள் கயிற்றைத் திருப்பி இழுக்கிற நேரத்துக்குச் சரியாக, ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் பின்னுக்குப் போகிறது, மறுபடி முன்னுக்கு வருகிறது. போகிற இடம் மேடு, வருகிற இடம் பள்ளம். அவள் விரல்களும் அதே கணக்கில்தான் மூடித் திறந்துகொண்டிருந்தன. இல்லாத கயிற்றை இரண்டு பேரும் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

தெரிந்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தோம். சரியாகவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையை அசையாமல் வைத்திருப்பார், ஒரு விரற்கடை வழவழப்பாக வரும். மனசு கொஞ்சம் அந்தப் பக்கம் போனால் கை பழையபடி போய்விடும். கடைசியில் உளியை மேடையில் வைத்தார்.

"இவ்ளோ தெரிஞ்சவ நீயே வந்து புடி" என்றார். கோபத்தில் சொன்னதுதான்.

அகஸ்டினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தோளைப் பார்த்தேன். உளி பிடிக்க முழங்கை விலாவோடு ஒட்டி இருந்தால் போதும், கையைத் தூக்க வேண்டியதில்லை, இழுப்பும் இல்லை. முழங்கை விலாவை விட்டு வெளியே வந்தால் உளியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லி, கட்டைத் தளர்த்திவிட்டேன். அவள் மேடையில் ஏறி உட்கார்ந்து புடவையை முழங்காலுக்குக் கீழே செருகிக்கொண்டாள். உளியின் தண்டை இடது கையில் பிடித்தாள்.

"பீச்சாங்கையா? கோவில் சாமான்டி அது" என்றார் அருளானந்தம்.

அவள் கையை மாற்றிப் பார்த்தாள். வலது கைக்கு ஒன்றும் தெரியவில்லை. இத்தனை வருஷமும் அவருக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தவள். அவருடைய வலது கை அவளுக்கு இடது பக்கம்தான் தெரிந்திருக்கிறது. பார்த்தே கற்ற வித்தை அப்படியே இடது கைக்குப் போயிருக்கிறது. எனக்கு அதில் ஒரே சந்தோஷம். கெட்ட தோளுக்கு ஓய்வு கிடைக்கும்.

முதல் மரம் உளியைக் கவ்விக்கொண்டு எகிறிக் கூரையின் ஓடு ஒன்றை உடைத்தது. இரண்டாவது இரண்டாகப் பிளந்தது. தேக்கைத் தொடாதே என்று அருளானந்தம் விறகுக் குவியலிலிருந்து பூவரசங்கட்டைகளை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது கோபம் பாதியாகியிருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அவள் ஒரு கட்டையை மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாகச் சீவினாள். நிற்காமல் சுற்றுகிற மரத்தின்மேல் நிற்காமல் நகரும் கை. உளியைக் கொடுத்து எடுத்துப் பழகாத கைக்கு அது சுலபம். சுருள் அறுந்துபோகாமல் நீளமாக உரிந்து அவள் மடியில் விழுந்தது. அருளானந்தம் அந்தக் கட்டையை எடுத்து விரலால் தடவினார். பிறகு உள்ளே போய் உலை வைத்தார். அந்த மாதம் முழுக்க அவர்தான் கஞ்சி காய்ச்சினார். அடிப்பிடித்த வாசனை எங்கள் வீடுவரை வரும்.

ஆனால் கிராதிக் காலுக்கு நீளமான உடம்பு மட்டும் போதாது. மேலும் கீழும் வளையங்கள் வேண்டும். அங்கே அகஸ்டினா திணறினாள். வளையத்துக்கு உளியைக் கொடுத்து உடனே எடுக்க வேண்டும், கொடுத்து எடுக்க வேண்டும். அவள் கை ஓடிக்கொண்டே இருந்தது, வளையம் எல்லாம் வழிந்துபோயிற்று. அருளானந்தம் அவளை நகரச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அவர் கை பழையபடி போய் வந்தது, போய் வந்தது. வளையங்கள் பாசிமணி கோத்தது போல வந்து நின்றன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலிலும் நீள உடம்பை அவள் கடைந்தாள், வளையத்தை அவர் கடைந்தார். அவள் இறங்கினால் அவர் ஏறுவார்.

இடது கை விஷயம் மட்டும் அருளானந்தத்தை உறுத்திக்கொண்டிருந்தது. அமலநாதன் அடுத்த முறை வந்தபோது தானே முன்வந்து சொல்லிவிட்டார், இடது கையால் கடைந்தது, உங்கள் ஆட்களுக்கு ஆட்சேபம் இருந்தால் சொல்லிவிடுங்கள் என்று. அமலநாதன் ஒரு காலை எடுத்துத் தடவிப் பார்த்தார், கன்னத்தில் வைத்தும் பார்த்தார்.

"நாங்க வலைய ரெண்டு கையாலதான் இழுக்கறோம். எந்தக் கைன்னு மீனும் கேக்கல, மாதாவும் கேக்கல."

திருநாளுக்கு முந்தின வாரம் சகாயநாதன் வந்தார். தம்பி மெஷின் வைத்து ஏதோ செய்கிறான், அவன் பெண்டாட்டி மேடைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள் என்று ஊரில் பேச்சு. கையில் குடையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். நான் அன்று கடைசியாகத் தோளைப் பார்க்க வந்து, உள்ளேதான் இருந்தேன்.

அகஸ்டினா ஒரு காலின் நடுவில் இருந்தாள். பாதி தூரம் சீவியாயிற்று, பாதி மீதி. மச்சாண்டார் நிழல் மரத்தின்மேல் விழுந்தது. அவள் கால் விரல் அசைந்ததை நான் பார்த்தேன், எழுந்திருக்கப் போகிறாள். மச்சாண்டார் தரையில் நிற்க அவள் அவருக்கு மேலே உட்கார்ந்திருப்பதென்பது அந்த வீட்டில் யாரும் கேள்விப்படாத காரியம். ஆனால் நடுவில் உளியை எடுத்தால் எடுத்த இடத்தில் தடம் விழும். தேக்கு வேறு மிச்சமில்லை, அதுதான் கடைசிக் கால். அருளானந்தம் அண்ணனைக் கண்டதும் பதறிப்போய்ச் சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

"அணைக்காதீங்க" என்றாள்.

எழுந்திருக்கவில்லை. கண்ணை மரத்திலிருந்து எடுக்கவும் இல்லை. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. இடது கை நகர்ந்துகொண்டே இருந்தது. சகாயநாதன் அசையாமல் நின்றார். அவர் சட்டையில் மரத்தூள் படிந்தது. அவருக்குக் கோபம் வந்ததா இல்லையா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் கண் அவள்மேல் இல்லை, உளி முனையில் இருந்தது. அவரும் கடைசல்காரர்தானே. சுருள் அறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சுருள் அறவில்லை. காலின் அடிவரை போய் முடிந்தது.

அகஸ்டினா சுவிட்சை அணைத்தாள். இறங்கினாள். முந்தானையைத் தோளுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றாள். மச்சாண்டாருக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

சகாயநாதன் மெஷினிலிருந்து காலைக் கழற்றி எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழே வருடினார். நகம் எங்கும் தட்டவில்லை. ஏற்கனவே முடித்து வைத்திருந்த கால்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். பிறகு தம்பியிடம் இவற்றையெல்லாம் யார் கடைந்தது என்று கேட்டார்.

அருளானந்தம் சொல்லியிருக்கலாம், நான்தான் என்று. பட்டறை அவருடையது, கேட்டவர் அண்ணன், முன்பு கடைந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்தி. அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னார்.

"வளையம் என்னுது. ஒடம்பு அவளுது."

சகாயநாதன் கால்களைத் திரும்ப அடுக்கி வைத்தார். பழைய இடம் காலியாக இருக்கிறது என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. கொட்டகையை ஒரு சுற்றுப் பார்த்தார், மேடையைக் காலால் தட்டினார், பெல்ட்டைத் தொட்டார். கிளம்பும்போது தம்பியைப் பார்த்துச் சொன்னார், ஆனால் குரல் சுவர் ஓரம்வரை கேட்கும்படி இருந்தது.

"திங்கக்கெழம ஒரு வண்டி கட்டில்காலு அனுப்பறேன். வளையமில்லாத நீட்டு வேல. முடியுமான்னு கேளு."

அகஸ்டினா புருஷனைப் பார்த்துச் சொன்னாள்.

"முடியும்னு சொல்லுங்க. சோடா கம்பெனிக்காரர் கட்டில் முன்ன இருக்குது. வரிசைலதான் வரும்னும் சொல்லுங்க."

அருளானந்தம் இரண்டு பக்கமும் பார்த்தார். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சகாயநாதன் மீசையைத் தடவிக்கொண்டு, வரிசை என்றால் வரிசைதான் என்று தனக்குத் தானே சொன்னபடி வெளியே போனார்.

மாதா திருநாளன்று நானும் குருசுக்குப்பத்துக்குப் போனேன். கிராதி வார்னிஷ் வாசனையோடு நின்றது. மீன்காரப் பெண்கள் வரிசையாக முழங்காலில் நின்று அதன்மேல் கை வைத்தார்கள். உப்பிலும் கயிற்றிலும் காய்த்துப்போன கைகள். ஒரு கையிலும் சிராய் குத்தவில்லை. அகஸ்டினா தன் முறை வந்து நின்றபோது செபம் சொன்னாளோ என்னவோ, பலகைக்குக் கீழே விரலை விட்டுக் கால்களைத் தடவிக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது நான் கேட்டேன், எப்படி இருக்கிறது என்று. கோடிக் காலில் ஒரு வளையம் கொஞ்சம் சப்பை, அவர் கடைந்தது, அவரிடம் நான் சொல்லமாட்டேன் என்றாள்.

அந்தத் தோள் அதற்குப் பிறகு கழலவில்லை. கலியமூர்த்தி மகள் கட்டில் தை மாதத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. பிறகு எங்கள் ஆசுபத்திரிக்குக் கைத்தடிகளும், கால் ஒடிந்தவர்களுக்கு அக்குள் தாங்கிகளும் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வந்தன. அக்குளில் உறுத்தாமல் இருக்க அவள் அவற்றின் மேல்கட்டையை எப்படி உருட்டினாள் என்று நான் புது நர்சுகளிடம் காட்டியிருக்கிறேன். பழைய கடைசல் கயிறு அவர்கள் கிணற்றில் வாளி இழுத்துக்கொண்டிருந்தது.

சகாயநாதன் மாதம் ஒரு முறையாவது வேலை கொண்டுவருவார். அவர் உள்ளே வரும்போது மோட்டார் நின்றிருந்தால் அகஸ்டினா எழுந்து இறங்கி நிற்பாள். ஓடிக்கொண்டிருந்தால் அவர்தான் நிற்பார்.